ஒரே சுவர், இரண்டு ஓவியர்கள்

கம்போங் ராஜாவிலிருந்து ஓவியக் கண்காட்சி பார்க்கப் போவது லேசான காரியம் இல்லை. சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி, நெடுஞ்சாலை பிடித்து, கோலாலம்பூர் போய்ச் சேரவே பாதி நாள் ஓடிவிடும். அப்படிப் போய் வந்த என் படிவம் 4 மாணவி ஒருத்தி, மறுவாரம் சையட் தாஜுடீன் வரைந்த பெண் உருவம் ஒன்றை அச்சு அசலாகப் பார்த்து வரைந்து கொண்டு வந்தாள். "டீச்சர், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது."

கோபிக்க மனம் வரவில்லை. கதை ஒன்று சொன்னேன். உங்கள் வகுப்புக்கும் உதவலாம்.

தாஜுடீன் 1943இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1960களின் பிற்பகுதியில் சென்னை அரசு ஓவியக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். அங்கிருந்த காலத்தில் அஜந்தா குகை ஓவியங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. நீண்ட கண்கள், ஒடிசலான இடை, எங்கும் முறியாமல் ஓடும் கோடு. அந்தக் கோட்டோடு மலேசியா திரும்பியவர், கெபாயா அணிந்த மலாய்ப் பெண்களை வரைந்தார். அஜந்தாவில் கெபாயா ஏது!

அவருக்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1936 கடைசியில், அதே சுவர்களைப் பார்த்து நின்றவர் அம்ரிதா ஷெர்கில். பாரிசில் ஓவியம் படித்தவர், வயது 23. அங்கிருந்து தெற்கே வந்து, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் பார்த்தார். சிம்லா திரும்பி 1937இல் மூன்று பெரிய ஓவியங்கள் தீட்டினார்: மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார். அஜந்தாவின் இளவரசிகள் ஒருவரும் அவற்றில் இல்லை. இருப்பவர்கள் நம்மைப் போலக் கறுத்த மேனிக்காரர்கள், அதிகம் பேசாத முகங்கள். அஜந்தாவின் மண் நிறத்தையும் எளிய உருவ அமைப்பையும் அவர் எடுத்துக்கொண்டார்.

(மாஸ்கோ கண்காட்சியில் 1896இல் மோனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைப் பார்த்த காண்டின்ஸ்கியும் அப்படித்தான். சட்டம் படித்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு ஓவியம் கற்க மியூனிக் போனார். வைக்கோற்போர் வரைந்துகொண்டு உட்காரவில்லை.)

கண்காட்சிக்குக் கூட்டிப்போனால் "எது பிடிச்சது?" என்றுதான் பிள்ளைகளைக் கேட்கிறோம். "அதுல இருந்து என்ன எடுத்துக்கிட்டே?" என்று நானும் இதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன். "கோடு, டீச்சர்" என்றாள்.

இப்போது அவள் தாளில் பாட்டி நிற்கிறார், முதுகில் கொழுந்துக் கூடையோடு. நெற்றியில் தொடங்கும் கோடு கூடையைச் சுற்றி, தேயிலை நிரைகளாகி, புளூ வேலி மேடு வரை ஓடுகிறது. கையை மட்டும் மூன்று தடவை அழித்துவிட்டாள். பாட்டி கை அப்படி இருக்காதாம்.