கை கோத்த வேலி

கார்சிலாசோ என்ற கிழவர் ஒருவர் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரில் உட்கார்ந்துகொண்டு, தாம் பிறந்த மண்ணைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தாயார் இன்கா அரச வம்சத்துப் பெண். தகப்பனாரோ அந்த வம்சத்தின் நாட்டைப் பிடித்துக்கொண்ட ஸ்பானியர்களில் ஒருவர். 1539-இல் ஆண்டிஸ் மலைமேல் உள்ள குஸ்கோ நகரில் பிறந்தவர், 1560-இல் கப்பல் ஏறினார். பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1609-இல் புத்தகம் அச்சேறியபோது அவருக்கு வயது எழுபது. கதை எழுதுகிறவனாகிய எனக்கு இந்தக் கிழவரிடம் தனிப் பரிவு உண்டு. பிரிந்து வந்தவனுக்குத்தான் ஊர் துலக்கமாகத் தெரிகிறது.

அவர் வர்ணிக்கும் காட்சிகளில் ஒன்று, அரசனுடைய வேட்டை. அதைச் சொல்வதற்கு முன் அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் மீட்டர். மரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. இச்சு என்ற முரட்டுப் புல், கல், காற்று, இவ்வளவுதான். பகலில் வெயில் சுடும். இரவில் தண்ணீர் உறைந்துபோகும். வானத்தில் காண்டார் என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகு வட்டமிடும். இந்தப் பொட்டலுக்குப் புனா என்று பெயர். இங்கேதான் விக்குன்யா வாழ்கிறது. ஒட்டகத்துக்கு உறவு, ஆனால் திமில் கிடையாது. மானைப் போல மெலிந்த உடல். காய்ந்த புல்லைக் கடித்துத் தேய்ந்தாலும் அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். காற்றிலே பிராணவாயு குறைவு என்றாலும், கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் சக்தி அதன் இரத்தத்துக்கு உண்டு. குளிரைத் தாங்க அது போர்த்தியிருக்கும் ரோமமோ நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்த மென்மைதான் அதற்கு எமனாக வந்தது.

இனி வேட்டைக்கு வருவோம். சக்கு என்று அதற்குப் பெயர். இருபது முப்பதாயிரம் ஜனங்கள் மலைச்சாரல்களில் பரவி, கூச்சலிட்டுக்கொண்டே நெருங்கி வந்து, கடைசியில் கைகோத்து ஒரு வேலியாக நிற்பார்களாம். உள்ளே அகப்பட்ட விக்குன்யாக்களின் ரோமத்தைக் கத்தரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில் கணக்கு ஏறும். ஒரு முறை வேட்டையாடிய இடத்தில் மறுபடி வேட்டையாட நாலு வருஷம் ஆகும்.

இதைப் படித்துவிட்டு இன்கா அரசனை ஜீவகாருண்ய மூர்த்தி என்று எண்ணிவிட வேண்டாம். விக்குன்யா ரோமம் அவனுக்கும் அவன் தயவு பெற்றவர்களுக்கும் மட்டுமே. வேலியாக நின்ற குடியானவனுக்கு முரட்டுக் கம்பளிதான். கருணை அல்ல, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் விக்குன்யா பிழைத்திருந்தது.

1532-இல் பிஸாரோ இன்கா அரசனைச் சிறைப்பிடித்தான். அரசனோடு கணக்கும் போயிற்று. துப்பாக்கி வைத்திருந்தவன் எல்லாம் வேட்டைக்காரன் ஆனான். ரோமத்தைக் கத்தரிப்பானேன், தோலையே உரித்துக்கொண்டால் ஆயிற்று! தம் காலத்திலேயே இந்தப் பிராணிகள் அருகிவிட்டன என்று கார்சிலாசோ வருந்துகிறார்.

1825-இல், சுதந்திரம் பெற்ற பெரு நாடு தன் அரசுச் சின்னத்தில் விக்குன்யாவை வரைந்துகொண்டது. அதே வருஷம் பொலிவார், விக்குன்யாவைக் கொல்லக் கூடாது என்று குஸ்கோவிலிருந்து ஆணை பிறப்பித்தார். காகிதத்தில் ஆணை இருந்தது. நாணயத்தில் படம் இருந்தது. புனாவில் துப்பாக்கி இருந்தது. 1960-களில் பெருவில் எஞ்சியவை பத்தாயிரத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள்.

1967-இல் அயகுச்சோ பகுதியில் பம்பா கலேராஸ் என்ற காப்பிடம் ஏற்பட்டது. 1975 முதல் உலக வர்த்தகத்துக்கும் தடை வந்தது. ஆயினும் 1980-களில் அதே அயகுச்சோவில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது திருட்டு வேட்டை மீண்டும் தலைதூக்கியது. 1990-களில்தான் ஒரு விஷயம் சட்டத்தில் ஏறியது: மேய்ச்சல் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான கிராமத்தாரிடமே விக்குன்யாவைக் காக்கும் பொறுப்பும், ரோமத்தை விற்கும் உரிமையும் ஒப்படைக்கப்பட்டன. இப்போது பெருவில் மட்டும் இரண்டு லட்சம் இருக்கும்.

சக்குவும் திரும்பி வந்துவிட்டது. வண்ணத் துணிகள் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்தபடி கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் மலைச்சாரலில் இறங்கி வருகிறார்கள். ஒரு பிராணியிடம் கிடைப்பது 200 கிராம் அளவு ரோமம். அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அது கடல் கடந்து, சீமான்களின் தோளில் சால்வையாக விழும்போது அதன் விலை எங்கேயோ போய்விடுகிறது. கயிறு பிடித்தவளுக்கு வருவது சொற்பம். அவளும் அதை உடுத்துவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இன்கா காலம் இன்னும் மாறவில்லை.

விக்குன்யாவுக்கு வேலியாக நிற்பது அவள் கைதான். அந்தக் கைக்குக் கூலி கிட்டாமற் போனால், கயிறு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்பதை நானூறு வருஷத்துச் சரித்திரம் ஏற்கனவே சொல்லியிருக்கிறது.