சிப்பி நஞ்சுக் கட்டுப்பாடு

சிப்பி, மட்டி, ஆளி முதலிய இருமூடி உயிர்களின் சதையில் சேரும் இயற்கைக் கடல் நஞ்சுகளிலிருந்து உண்போரைக் காக்கும் சட்ட, ஆய்வக ஏற்பாடு. நஞ்சைச் சிப்பிகள் உண்டாக்குவதில்லை. கடல்நீரை வடிகட்டி இரை தேடும்போது சில நுண்பாசிகளிலிருந்து அது அவற்றின் உடலில் தங்குகிறது. நஞ்சேறிய சிப்பியைப் பார்வையிலோ மணத்திலோ இனங்காண முடியாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. எனவே, நஞ்சு கண்ட கடற்பகுதியில் சிப்பி எடுப்பதையே தடுப்பதுதான் முறை.

வரலாறு: 1793 ஜூனில் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் சிலர் இன்றைய கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் சிப்பிகளைச் சுட்டுத் தின்றனர். சிறிது நேரத்தில் முகமும் கைகால்களும் மரத்துப்போயின. ஜான் கார்ட்டர் என்பவர் இறந்தார். வெந்நீர் குடித்து வாந்தியெடுத்தவர்கள் தேறினர். அங்குள்ள கார்ட்டர் விரிகுடா அவர் பெயரையே தாங்கியுள்ளது.

கட்டுப்பாடு பிறந்த இடம் கலிபோர்னியா என்றே கொள்ளலாம். 1927இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிப்பி உண்ட 102 பேர் நோயுற்று, 6 பேர் இறந்தனர். அதன்பின் அங்கு ஆண்டுதோறும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை சிப்பி எடுக்கத் தடை வந்தது. ஆய்வாளர்கள் ஹெர்மன் சோமர், கார்ல் மேயர் இருவரும் 1937இல் நஞ்சின் மூலம் நுண்பாசியே என நிறுவி, எலிச் சோதனையையும் வகுத்தனர். சிப்பிச் சதையை நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, வடித்த சாற்றில் 1 மி.லி.யை 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஊசிவழி செலுத்தினர். எலி 15 நிமிடத்தில் இறந்தால், உட்சென்ற நஞ்சு ஓர் ‘எலி அலகு’. கொடிய முறைதான், ஆயினும் பல்லாண்டுகள் உயிர் காத்த சோதனை இது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் சாக்சிடாக்சின் (மரத்துப்போகச் செய்யும் மேற்கண்ட நஞ்சு) என்ற உச்சவரம்பு இச்சோதனையை ஒட்டியே நிலைபெற்றது.

பிற நஞ்சுகள்: 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுச் சிப்பிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் நினைவாற்றல் இழந்தனர். காரணமான டொமோயிக் அமிலத்துக்குக் கிலோவுக்கு 20 மி.கி. வரம்பு வந்தது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒகடாயிக் அமிலத்துக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 160 மைக்ரோகிராம்.

இன்றைய நிலை: ஒகடாயிக் அமிலம் போன்ற, கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் எலிக்குப் பதிலாக வேதிப் பகுப்பாய்வை முதன்மை முறையாக்கியது. இந்த ஆபத்து இந்தியாவிலும் உண்டு: 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்ட 7 பேர் இறந்தனர்.