அந்தக் கிராமங்கள் ஏன் இவ்வளவு அழகாக இருக்கின்றன?

பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் இப்படித்தான் வரும்.

மகன் குடும்பத்தோடு மோட்டார்ஹோமில் மூன்று வாரம் தென்மேற்கு பிரான்சைச் சுற்றினோம். நாங்கள் நான்கு பேர், இரண்டு நாய்கள். படங்களைப் போட்டதும் என் பழைய மாணவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், அந்தக் கிராமங்களை எப்படி இவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்?"

சுருக்கமான பதில்: பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அங்கே பல தலைமுறைகளாக யாரிடமும் பணம் இல்லை. கட்டிக் குடியிருக்க ஆட்களும் இல்லை. விரிவான பதில் கீழே.

கொலோஞ்ஜ்-லா-ரூஜ் என்ற ஊரிலிருந்து தொடங்குகிறேன். கொரேஸ் மாவட்டத்தில் இருக்கிறது. "ரூஜ்" என்றால் சிவப்பு. தேவாலயம், வீடுகள், கோபுரங்கள், மதில் எல்லாமே செம்மணற்கல். இத்தனை சின்ன ஊரில் இத்தனை கோபுர வீடுகள் எப்படி வந்தன? இந்தப் பகுதியைத் துரேன் பிரபுக்கள் ஆண்டார்கள். கிட்டத்தட்ட தனி நாடு மாதிரி. பிரெஞ்சு அரசருக்கு வரி கட்ட வேண்டியதில்லை. அந்தப் பிரபுக்களின் அதிகாரிகள் கட்டிக்கொண்ட வீடுகள்தான் இவை. 1738-இல் அந்தப் பிரபு கடனில் மூழ்கி, தன் ஆட்சிப் பகுதியையே பதினைந்தாம் லூயிக்கு விற்றுவிட்டார். வரிச் சலுகையும் அதோடு போயிற்று.

பிறகு மிச்சமிருந்தது திராட்சை. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பில்லாக்சரா என்ற சின்னஞ்சிறு பூச்சி பிரான்சுக்குள் நுழைந்தது. வேரைத் தின்னும் பூச்சி. அடுத்த முப்பது ஆண்டுகளில் நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கொலோஞ்ஜும் தப்பவில்லை. அதே காலத்தில் ரயிலும் வந்துவிட்டது. இளைஞர்கள் பாரிஸுக்கும் மற்ற நகரங்களுக்கும் வேலை தேடிப் போனார்கள்.

லோத் ஆற்றங்கரையில் செங்குத்தான பாறைமேல் நிற்கும் சேன்-சிர்க்-லப்போப்பியின் கதையும் இதுதான். அங்கே மரம் கடைபவர்கள் மது பீப்பாய்களுக்கு மரக்குழாய்கள் செய்தார்கள். ஆற்றில் படகுகள் கஹோர் மதுவை போர்தோ துறைமுகத்துக்குக் கொண்டு போயின. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப்போகச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வழி போட்டிருக்கிறார்கள். இன்றும் அதில் நடக்கலாம். எங்கள் நாய்களுக்குப் பயணத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ரயில் வந்ததும் படகுத் தொழில் படுத்தது. பீப்பாய்க் குழாய்க்கும் தேவை குறைந்தது. ஊர் காலியானது.

இதற்கு மேல் வந்தது 1914.

பிரான்சில் எந்த ஊருக்குப் போனாலும் தேவாலயத்தின் அருகிலோ ஊர் நடுவிலோ ஒரு நினைவுக்கல் இருக்கும். முதல் உலகப் போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் சுமார் 14 லட்சம் பேர். காலாட்படையில் பெரும்பாலோர் விவசாயிகள். நூறு வீடுகூட இல்லாத ஊரின் கல்லிலும் பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வரும். அண்ணன் தம்பிகள், பெரியப்பா சித்தப்பா மகன்கள். போன ஊரிலெல்லாம் அந்தப் பெயர்களை முழுசாக வாசித்தேன். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்த பழக்கம் விடுமா?

லிமோஜ் நகருக்கு அருகே ஒராதூர்-சூர்-கிளான் இருக்கிறது. அழகுப் பட்டியலில் இல்லாத ஊர். ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைத் தாண்டிப் போகக் கூடாது. 1944 ஜூன் 10 அன்று நாஜி எஸ்எஸ் படை ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் வைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 643 பேர். பள்ளிப் பிள்ளைகளில் ஓடித் தப்பியது ஒரே ஒரு சிறுவன். போர் முடிந்ததும் இடிபாடுகளை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். துருப்பிடித்த கார், சுவரோரம் தையல் எந்திரம், டிராம் தண்டவாளம் எல்லாம் இன்றும் அங்கேதான். நாய்களோடு வண்டியில் ஒருவர் இருக்க, மற்றவர்கள் போய்வந்தோம். அன்று மாலை வண்டியில் யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, காலியான கிராமங்கள் மறுபடி பூத்தது எப்படி? இங்கே இரண்டு கதைகள் சேர்கின்றன.

முதல் கதை விடுமுறை. 1936-இல் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. லெயோன் புளூம் அரசு அந்த ஜூன் மாதத்திலேயே தொழிலாளர் எல்லாருக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அதுவரை சுற்றுலா பணக்காரர் சமாச்சாரம். 1956-இல் மூன்றாவது வாரம், 1969-இல் நான்காவது, 1982 ஜனவரியில் ஐந்தாவது. மக்களுக்கு நேரம் கிடைத்தது. கையில் காரும் இருந்தது.

இரண்டாவது கதை ஒரு மேயர். ஷார்ல் செராக், கொலோஞ்ஜின் மேயர். 1981-இல் பிரான்சின் அழகான கிராமங்களைப் பற்றி ரீடர்ஸ் டைஜஸ்ட் வெளியிட்ட படப் புத்தகம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்த மற்ற ஊர் மேயர்களுக்குக் கடிதம் எழுதினார். 1982 மார்ச் 6 அன்று சாலேர் என்ற ஊரில் 66 கிராமங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. "பிரான்சின் மிக அழகான கிராமங்கள்" என்பதே பெயர். அடிப்படை நிபந்தனைகள் மூன்று: மக்கள்தொகை 2,000-க்கு மேல் போகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமோ இடமோ குறைந்தது இரண்டு வேண்டும், சேருவது என்று ஊர் மன்றமே தீர்மானம் போட வேண்டும். இன்று சுமார் 180 ஊர்கள் இருக்கின்றன. அழிந்துகொண்டிருந்த ஊரின் பழைய கல்லையே அதன் பிழைப்பாக மாற்றிக்காட்டினார் அந்த மேயர்.

மோட்டார்ஹோம்காரர்களுக்கு இந்தச் சிற்றூர்கள் பல தனி இடம் ஒதுக்கித் தந்திருக்கின்றன. தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம், இரவு தங்கலாம். சில யூரோக்கள்தான், சில ஊர்களில் இலவசம். காலையில் ரொட்டிக்கடைக்கு நடந்து போவோம். பல உணவகங்களில் நாய்களையும் உள்ளே விடுவார்கள். கேட்காமலே கிண்ணத்தில் தண்ணீர் வரும்.

நாய்களுக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் முக்கியமான பக்கம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கானது. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசிகளைத் தொடங்கினார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் பாஸ்டரின் நாட்டிலேயே 1968-இல் நரிகள் மூலம் நோய் மறுபடி நுழைந்தது. காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைப் போட்டு நரிகளைத் தின்ன வைத்தார்கள். 2001-இல்தான் நோய் இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். எங்கள் இரண்டு பேரும் வாலை ஆட்டிக்கொண்டு தெருவில் போனதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

கடைசியாக, எனக்கு மனம் கனத்த விஷயம்.

1881, 1882 சட்டங்களால் ஜூல் ஃபெரி ஆரம்பக் கல்வியை இலவசமாக்கினார், கட்டாயமாக்கினார். அதன்பின் கட்டிய பள்ளிகளை ஊருக்கு ஊர் பார்க்கலாம். நடுவில் மேயர் அலுவலகம், ஒரு பக்கம் ஆண் பிள்ளைகள் பள்ளி, மறுபக்கம் பெண் பிள்ளைகள் பள்ளி. வாசலுக்கு மேல் கல்லில் எழுத்து இன்றும் இருக்கிறது. உள்ளே பல இடங்களில் பிள்ளைகள் இல்லை. சில பள்ளிகள் காட்சிக்கூடம், சில விடுமுறை வீடு. சேன்-சிர்க்-லப்போப்பியில் நிரந்தரமாக இருப்பவர்கள் சுமார் 200 பேர். ஆண்டுக்கு வந்து போகிறவர்கள் லட்சக்கணக்கில். மாலை ஆறு மணிக்குப் பேருந்துகள் கிளம்பியதும் பார்த்தேன்: பாதி ஜன்னல்களில் விளக்கு இல்லை. கோடையில் மட்டும் திறக்கும் வீடுகள்.

அந்த மூன்று நிபந்தனைகளில் ஊரில் எத்தனை குழந்தைகள் என்ற கேள்வி இல்லை. சங்கத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கல்லும் மிஞ்சியிருக்காது. ஆனால் கூரை ஒழுகாமல் நிற்பதும் ஊர் உயிரோடு இருப்பதும் வேறு வேறு. முதலாவதைப் பணம் கொடுத்துச் செய்யலாம். இரண்டாவதற்கு ரொட்டிக்கடையும் பள்ளியும் குளிர்காலத்திலும் திறந்திருக்க வேண்டும்.

யாராவது அந்தப் பக்கம் போனால், படம் எடுங்கள், தாராளமாக. கூடவே நினைவுக்கல்லில் இருக்கும் பெயர்களை ஒருமுறை வாசியுங்கள். பள்ளி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரொட்டியைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் ஊர்க் கடையில் வாங்குங்கள்.