குளமாவு நீரடி ஒலியியல் ஆய்வு நிலையம்

குளமாவு நீரடி ஒலியியல் ஆய்வு நிலையம், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், இடுக்கி நீர்த்தேக்கத்தின் குளமாவுப் பகுதியில் அமைந்துள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம். போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிக் கப்பல்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றுக்கான சோனார் (நீருக்குள் இருப்பதை ஒலியால் கண்டறியும்) கருவிகளும் அவற்றின் உறுப்புகளும் இங்கே சோதிக்கப்படுகின்றன. இது கொச்சி திருக்காக்கரையில் உள்ள கடற்படை இயற்பியல், பெருங்கடலியல் ஆய்வகத்தைச் (என்.பி.ஓ.எல்.) சேர்ந்தது. அந்த ஆய்வகம் டி.ஆர்.டி.ஓ. எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் கீழ் இயங்குகிறது.

அமைவிடம்

இடுக்கி வளைவு அணை, செறுதோணி அணை, குளமாவு அணை ஆகிய மூன்றும் சேர்ந்து தேக்கும் நீர்ப்பரப்பே இடுக்கி நீர்த்தேக்கம். இதன் மின் திட்டம் 1976 பிப்ரவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. குளமாவுப் பக்கத்திலிருந்து நீர் சுரங்கம் வழியாக மூலமற்றம் நிலத்தடி மின் நிலையத்துக்கு இறங்குகிறது. அதன் திறன் 780 மெகாவாட். முல்லைப் பெரியாறு அணையில் மிஞ்சி வழியும் நீரும் வண்டிப்பெரியாறு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. முழுக் கொள்ளளவில் நீர் கடல் மட்டத்திலிருந்து 2,403 அடி உயரத்தில் நிற்கும்.

மலையில் ஏன்?

நீருக்குள் ஒளியும் வானொலி அலைகளும் வெகுதூரம் போவதில்லை, ஒலி போகும். ஆகவே ஆழத்தில் இருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்கக் கடற்படைக்கு முதன்மையான வழி கேட்பதுதான். அந்தக் காது எவ்வளவு நுட்பமானது என்பதைக் கடலில் அளப்பது கடினம். அலைகள், கப்பல்களின் சுழல்விசிறிகள், இடைவிடாமல் சொடுக்கும் ஒருவகை இறால்கள் என எல்லாமே அளவையில் கலந்துவிடும். உப்புநீர் கருவிகளையும் அரிக்கும். மலைகள் சூழ்ந்த ஆழமான நன்னீர் ஏரியில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை.

சோதனைத் தொட்டி போதாதா என்று கேட்கலாம். உயர் அதிர்வெண்ணுக்குப் போதும். ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. 10 மீட்டர் அகலத் தொட்டியின் நடுவே ஒலியெழுப்பினால், சுவரில் பட்டு 7 மில்லிநொடிக்குள் எதிரொலி திரும்பிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரே ஓர் அலை முடியவே 10 மில்லிநொடி ஆகும். கருவி தன் முதல் அலையை முழுதாக வெளியிடும் முன்பே எதிரொலி வந்து கலந்துவிட்டால், அளந்தது கருவியையா சுவரையா என்று பிரிக்க முடியாது. ஏரியில் 50 மீட்டர் ஆழத்தில் அதே கருவியைத் தொங்கவிட்டால், மேற்பரப்பில் பட்ட எதிரொலி திரும்புவதற்குள் ஆறு முழு அலைகளை அளந்து முடிக்கலாம். தொலைதூரம் செல்வது தாழ் அதிர்வெண் ஒலியே. நீர்மூழ்கிகள் சத்தம் குறைந்தவையாக மாறிவரும் காலத்தில் அதை அளக்க வசதியான இடம் இன்றியமையாதது.

பின்னணி

சோனார் துறையில் இந்தியா விரைந்து உழைக்க நேர்ந்ததற்குப் பின்னால் ஒரு பேரிழப்பு உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். குக்ரியில் இருந்தது பிரிட்டனில் செய்த பழைய சோனார். பிரான்சில் கட்டப்பட்ட ஹங்கோருக்கு அதைவிட அதிகத் தொலைவு கேட்டது.

அதன் பின் பழைய சோனாரை மேம்படுத்தும் பணியில் முன்நின்றவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பாலக்காட்டு எல்லையை ஒட்டிய பொள்ளாச்சியில் 1944இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கடற்படைப் பயிற்சிக்குச் சென்றவர். கடற்படை அவரை மேற்படிப்புக்கு டெல்லி ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது, 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கொச்சியில் 1977 முதல் 1983 வரை ‘அப்சோ’ என்ற உள்நாட்டு சோனார் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். பணியில் இருக்கும் அதிகாரியைப் பல ஆண்டுகள் கணிதம் படிக்க விடுவது எந்தப் படைக்கும் எளிதான முடிவல்ல. அப்சோவும், அதன் வழியில் வந்த ‘ஹம்சா’ சோனார்களும் அந்த முடிவு தந்த பலன்கள் என்றே சொல்ல வேண்டும். பால்ராஜ் பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் பல ஆன்டெனாக்களைக் கொண்டு தகவல் அனுப்பும் ‘மைமோ’ முறையை வகுத்தார். இன்றைய 4ஜி, 5ஜி கைப்பேசிகள் அதைப் பயன்படுத்துகின்றன. 2010இல் பத்ம பூஷண், 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

‘ஸ்பேஸ்’ மேடை

2024 ஏப்ரல் 17 அன்று டி.ஆர்.டி.ஓ. தலைவர் சமீர் காமத் குளமாவில் ‘ஸ்பேஸ்’ என்ற சோதனை மேடையைத் தொடங்கி வைத்தார். என்.பி.ஓ.எல். ஆய்வகத்தின் கருத்துருவின்படி சென்னையின் எல் அண்டு டி கப்பல் கட்டும் நிறுவனம் இதைக் கட்டியது. இரண்டு பகுதிகள் கொண்டது: நீர்மேல் நிற்கும் மிதவை, அதிலிருந்து வின்ச்சுகளால் 100 மீட்டர் வரை எந்த ஆழத்துக்கும் இறக்கக்கூடிய மேடை. வேலை முடிந்ததும் கீழ்மேடை ஏறிவந்து மிதவையோடு பூட்டிக்கொள்ளும். உறுப்பு உறுப்பாக அல்லாமல் முழு சோனார் தொகுதியையும் இதில் ஏற்றிச் சோதிக்க முடிவதே முக்கிய முன்னேற்றம். பருவமழைக்கும் மின் உற்பத்திக்கும் ஏற்ப இந்த ஏரியின் மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், கரையில் நிலையாகக் கட்டிய மேடையைவிட மிதவையே பொருத்தம். கடற்படை வேலைக்கானது என்றாலும், ஏரியில் மிதப்பதால் கேரள உள்நாட்டு நீர்க்கல விதிகளின்படியே பதிவாகியுள்ளது.

ஏரியால் முடியாதது

நன்னீர் கடலாகாது. கடல்நீரில் கரைந்துள்ள மெக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகள் ஒலியின் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. நன்னீரில் அந்த இழப்பு இல்லை. கடலில் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் மாறுவதால் ஒலி வளைந்து செல்கிறது. அந்த வளைவு உண்டாக்கும் ஒலியெட்டாப் பகுதிகளில்தான் நீர்மூழ்கிகள் பதுங்குகின்றன. கருவி தன்னளவில் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் குளமாவு சொல்லும்; வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைச் சொல்லாது. அதற்கு 1994 முதல் கொச்சியைத் தளமாகக் கொண்ட ஐ.என்.எஸ். சாகர்த்வனி என்ற ஆய்வுக் கப்பல் கடலுக்குச் சென்று அளந்து வருகிறது.