கட்சி இல்லாத வேட்பாளர்கள்

பாடசாலை மாணவர் பாராளுமன்றத் தேர்தலில் எல்லாப் பிள்ளைகளும் சுயேச்சைதான். வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் வரலாற்று ஆசிரியனான எனக்கு அப்போதெல்லாம் எங்கள் கந்தளாயின் பழைய சபை நினைவில் எழும்.

சோழர் காலத்தில் இவ்வூர் இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணக் குடியிருப்பு. முதலாம் விஜயபாகு மன்னன் காலத்தில் விஜயராஜச் சதுர்வேதிமங்கலம். ஊர்க் காரியம் பார்த்தவர்கள் பெருங்குறிப் பெருமக்கள். இவ்வகைச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் விதியைத் தொண்டை நாட்டு உத்திரமேரூர் 921இல் கல்லில் வெட்டி வைத்தது. ஊர் 30 குடும்புகளாக (வட்டாரங்களாக) பிரியும். வயது 35க்கு மேல், 70க்குள். இறைகட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கு! (இன்றைய சபைகளில் இதைப் படித்துக் காட்டினால் பாதி நாற்காலி காலியாகும்.) ஓலைகளில் பெயரெழுதிக் குடத்திலிட, சிறுவன் ஒருவன் எடுப்பான். கட்சியும் இல்லை, கைகூப்பி வாக்குக் கேட்பதும் இல்லை.

இதை ஜனநாயகம் என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. அது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குப் பிராமண விதவை ஒருத்தி தந்த கொடையைப் பாலமோட்டைக் கல்வெட்டு சொல்கிறது. கொடுக்கலாம், குடத்தில் அவள் பெயர் விழாது.

இலங்கையில் பெண்ணுக்கு வாக்கு 1931இல்தான் வந்தது. அவ்வாண்டு அரசாங்க சபைக்குப் போட்டியிட்டவர்களில் பெரும்பாலோரும் கட்சி இல்லாமல் தனித்தே நின்றார்கள்.