அநாதைப் படைப்பு

அநாதைப் படைப்பு என்பது பதிப்புரிமைக் காலம் முடியாதிருந்தும், உரிமையாளரைக் கண்டறிய இயலாத படைப்பைக் குறிக்கும். அனுமதி கோர எவருமின்மையால், எண்ணிம நூலகங்கள் இத்தகைய நூல்களை வருடி வைத்திருந்தும் வெளியிட இயலுவதில்லை.

முறையாகத் தேடாமல் ஒரு நூலை அநாதையெனக் கொள்வதும் இடர் மிக்கது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம் 2011இல் இத்தகைய நூல்களைப் பட்டியலிட்டுத் தன் மாணவர்களுக்கு இணையவழி வழங்க முற்பட்டது. பட்டியலிலிருந்த புதினம் ஒன்றின் ஆசிரியர் ஜே. ஆர். சலமான்கா உயிருடன் இருப்பதை எழுத்தாளர் சங்கமொன்று விரைவிலேயே கண்டறிந்தது. தன் தேடலில் பெரும்பிழைகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்ட நூலகம், அவ்வாண்டு செப்டம்பரில் திட்டத்தை நிறுத்திவைத்தது.

இந்தியாவில் நூலாசிரியர் இறந்த பின்னர் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31அ பிரிவின்படி அநாதைப் படைப்புக்கு உரிமம் கோரலாம். முன்னரே வெளிவந்த நூல்கள் 2012 திருத்தத்தின் மூலமே இதில் அடங்கின. எனினும் பழைய தமிழ் நூல்களை எண்ணிமமாக்கும் தன்னார்வலர்களுக்கு இவ்வழி எளிதன்று. விண்ணப்பிக்கும் முன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். நூல் தமிழிலேயே இருப்பினும் அவ்வறிவிப்பு ஆங்கில நாளிதழில் வர வேண்டும்.