குளிர்ந்த எஞ்சினும் குமரிக் கடலும்

முன்னுரை

கொட்டாரத்திற்குத் தெற்கே கன்னியாகுமரி. அதை ஒட்டி சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இங்குள்ள விசைப்படகுகள் கரையோடு நிற்கும். மேற்கே குளச்சல், முட்டம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017இல் 61 நாட்களானது. தடை முடிந்ததும் முதல் கவலை, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான். பனியே விழாத குமரியில் எஞ்சின் எப்படிக் குளிர்ந்து போகும்? இதற்கான விடை டீசல் எஞ்சினின் வரலாற்றில் இருக்கிறது.

பொறி இல்லாத எஞ்சின்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக ஓடியது. பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி தரும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 14 முதல் 22 மடங்கு வரை அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது.

இதுவே அதன் பலம், இதுவே பலவீனமும். நின்றுபோன எஞ்சினின் இரும்பு அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து வெப்பம் போதாமல் போகும்.

வெப்பம் தேடிய வழிகள்

இங்கிலாந்தின் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்ற எஞ்சினில், தலைப்பகுதியிலுள்ள இரும்புக் குமிழை விளக்கால் சூடாக்கிய பிறகே ஓட்ட முடியும். இவ்வகை எஞ்சின்கள் ஸ்காண்டிநேவிய மீன்படகுகளில் பல்லாண்டுகள் ஓடின. பெரிய கப்பல்களின் எஞ்சினை அழுத்தி வைத்த காற்றால் சுழற்றினார்கள், இன்றும் அப்படித்தான். சிறு எஞ்சினுக்குக் கைப்பிடி வந்தது. வால்வைத் திறந்து வைத்துச் சுழற்றி, வேகம் பிடித்ததும் மூட வேண்டும். பின்னர் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வந்தன. சில எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்கும் சேர்ந்தது.

நம் கடலுக்கு வந்த கதை

1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி, 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. சிறிய டீசல் படகுகள் இத்திட்டத்தால் அறிமுகமாயின. குமரிப் பகுதியும் அப்போது அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. கட்டுமரமும் வள்ளமும் ஆண்ட கடலில் விசைப்படகுகள் பின்னாட்களில் பெருகின.

நோயும் மருந்தும்

நார்வேயில் எதிரி குளிர். குமரியில் எதிரி சும்மா நிற்பது. இரண்டு மாதத்தில் பேட்டரி இறங்கிவிடும். உப்புக்காற்றில் அதன் முனைகள் பூத்துப்போகும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து நீர் சேரும். எண்ணெய்க் குழாயில் சிறு கசிவு இருந்தாலும் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடும்.

நோயைப் புகையே காட்டிக் கொடுக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஃபில்டரில் சேர்ந்த நீரை வடித்து, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்ற வெப்பம் போதவில்லை. அப்போது பேட்டரி, ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பது ஆபத்து, வெடித்துச் சேதமாகலாம்.

முடிவுரை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் கரை திரும்பவே இல்லை. கடலில் எஞ்சின் என்பது பிழைப்பு மட்டுமல்ல, வீடு திரும்பும் வழியும் அதுவே. ஆகவே துறையில் அடம்பிடிக்கும் எஞ்சினை எப்படியோ கிளப்பிவிட்டுப் புறப்படுவது தவறு. அதன் காரணத்தைக் கரையிலேயே கண்டு சரிசெய்வதே உயிர்காக்கும் வழியாகும்.